பாட்டு எப்ப ஆரம்பிப்பீக?

கடைசி வரிசையில் கிட்டார் உறையைத் தோளிலிருந்து கழற்றாமலே உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

ஜாஸ் ஃப்யூஷன் வாசிக்கும் கிட்டார்க் கலைஞர் ஒருவரின் தனி ஆல்பம் எப்படி உருவாகிறது என்பதுதான் இன்று மாலை நான் பேச வந்த பொருள். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, "இதைப் பேச மதுரைதான் கிடைத்ததா?" என்று சிலர் சிரித்திருப்பீர்கள். சிரிக்கலாம். இது மணி அய்யரின் ஊர். சோமுவின் ஊர். எம்.எஸ். பிறந்த ஊர். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி வாயில் வைத்த நாகஸ்வரத்துக்கு உயிர் கொடுத்த சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் ஊர். இங்கே கிட்டாருக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் இசை என்றைக்காவது காரணம் இல்லாமல் ஒலித்திருக்கிறதா? சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரம். தாலி கட்டக் கெட்டிமேளம். துக்க வீட்டுக்கும் மேளம் உண்டு. கட்சி மாநாடு தொடங்கும் வரை கூட்டத்தைக் கட்டிப்போட மெல்லிசை. சினிமாவில் கதாநாயகன் பைக்கில் வந்தால் ஒரு இசை, கதாநாயகி கோபித்துக்கொண்டால் ஒரு இசை. எல்லாவற்றுக்கும் ஒரு வேளை இருக்கிறது, வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட ஒரு ஆள் இருக்கிறார். தனி ஆல்பத்துக்கு அப்படி யாரும் கிடையாது. பாடகர் இல்லை, இயக்குநர் இல்லை, சிச்சுவேஷன் இல்லை, முகூர்த்த நேரம் இல்லை. யாருமே கூப்பிடாதபோது நீ என்ன வாசிப்பாய்? அந்தக் கேள்விக்கு ஒருவன் தரும் பதில்தான் தனி ஆல்பம்.

மேலூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா மேடையை நான் பார்த்திருக்கிறேன். மெல்லிசைக் குழு. கீபோர்டின் அடாப்டர் புகைந்துபோய்விட்டது. வேறொன்று வாங்கி வர ஆளை அனுப்பிவிட்டு, "கொஞ்ச நேரம் ஓட்டுப்பா" என்று குழுத் தலைவர் லீட் கிட்டார்காரரிடம் கண் காட்டினார். அந்த மனிதர் முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சினிமா பிட்டைத் தொட்டார். கைதட்டல். பிறகு அதை விட்டார். ஐந்தே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு தன் போக்கில் போனார். தபேலாக்காரர் மெல்லச் சேர்ந்துகொண்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முன்வரிசையில் தோளில் துண்டோடு இருந்த பெரியவர் எழுந்தார், மேடைக்கு அருகே போனார், மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஏ தம்பி, வாசிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பாட்டு எப்ப ஆரம்பிப்பீக?"

அந்தப் பெரியவரை நான் குறை சொல்லமாட்டேன். கிட்டார் என்பது பாட்டுக்கு நடுவில் வருவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். 'இளைய நிலா'வை இந்த அரங்கில் தெரியாதவர் உண்டா? 1982-இல் வந்த அந்தப் பாட்டில் எஸ்.பி.பி.யின் குரலுக்குச் சமமாக நடந்து வருகிறது ஒரு கிட்டார். அந்த விரல்கள் ஆர். சந்திரசேகருடையவை. அந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கேசட் உறையில் வாத்தியக்காரர் பெயர் போடும் வழக்கம் அன்று கிடையாது. ரஹ்மான் வந்த பிறகுதான் அது மெல்ல மாறியது. அதற்குள் ஒரு தலைமுறை கிட்டார்காரர்கள் முகம் தெரியாமலே வாசித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நம் மண்ணிலிருந்தே ஒருவரை எடுத்துக்கொள்வோம். அன்றைய மதுரை மாவட்டம், பண்ணைப்புரம். அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடையேறிய இளைஞர் சென்னைக்குப் போகிறார், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படிக்கிறார், லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் வாங்குகிறார். அவரே பல ஆண்டுகள் பிறருடைய பாட்டுகளுக்குக் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர். 1976-இல் 'அன்னக்கிளி'. அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஆனால் 1986-இல், சினிமா அவரை மூச்சுவிட விடாத காலத்தில், எந்தப் படத்துக்கும் இல்லாத ஒரு ஆல்பத்தை இளையராஜா செய்தார். 'ஹௌ டு நேம் இட்'. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாஹுக்கும் காணிக்கை. யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. இதில் நான் ரசிப்பது இன்னொன்று. கிட்டாருக்குப் பதக்கம் வாங்கிய அந்த மனிதர் அந்த ஆல்பத்தில் முன்னால் நிறுத்தியது கிட்டாரை அல்ல, வி.எஸ். நரசிம்மனின் வயலினை. கிட்டாரை முன்னால் நிறுத்த இன்னொரு தமிழர் வரவேண்டியிருந்தது.

அவர் பிரசன்னா. ராணிப்பேட்டைக்காரர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். கர்நாடக சங்கீதத்தைத் திருவாரூர் பாலசுப்ரமணியம், வயலின் மேதை ஏ. கன்யாகுமரி ஆகியோரிடம் முறையாகக் கற்றவர். பிறகு அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போய் ஜாஸையும் மேற்கத்திய இசையமைப்பையும் படித்தவர். சபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மிருதங்கம் பக்கத்தில் வர, மின்சாரக் கிட்டாரில் வர்ணம் தொடங்கிப் பல்லவி வரை முழுக் கச்சேரி செய்கிறவர். அதே மனிதர் 2006-இல் 'எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்' என்று ஒரு ஆல்பம் வெளியிட்டார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968-இல் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' வெளியிட்டார் அல்லவா, அந்த ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலி. நம் கர்நாடகத் தாளவாத்தியங்களோடு ராக் கிட்டார் மோதும் ஆல்பம். உள்ளே ஒரு உருப்படிக்குப் பெயரிலேயே திருவல்லிக்கேணி வருகிறது!

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆல்பம் எங்கே உருவானது? ஸ்டுடியோவிலா? ஸ்டுடியோவில் நடப்பது பதிவு. ஆல்பம் உருவாவது இடது கையில், அதுவும் பதிவுக்குப் பல வருடங்களுக்கு முன்னால். எப்படி என்று காட்டுகிறேன்.

எம்.எஸ். அம்மாவின் தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வீணையை நினைத்துப் பாருங்கள். 24 மெட்டுகள், மெழுகின் மேல் உயர்த்திப் பதித்தவை. மெட்டுக்கும் தண்டிக்கும் நடுவே ஆழம் இருப்பதால் விரல் கட்டையில் முட்டாது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரம் மேலே போய்வரலாம். கமகம் பேச அந்த வாத்தியம் வழி விட்டிருக்கிறது. கிட்டாரில் அந்த வழி குறுகல். ஃப்ரெட்டுகள் சப்பையான பலகையில் ஆணிபோல் அறையப்பட்டவை. தந்தியை இழுக்கலாம், ஆனால் வீணையைப் போல அத்தனை தாராளமாக இழுக்க வராது. தோடியின் காந்தாரம் சும்மா நிற்கிற ஸ்வரமா? அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் அடையாளம். அதைக் கிட்டாரில் எப்படிக் கொண்டுவருவது?

இதற்கு மூன்று பேர் மூன்று வழி கண்டார்கள். இங்கிலாந்துக்காரர் ஜான் மெக்லாஃப்லின் வாத்தியத்தையே மாற்றினார். ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்தெடுத்து, வீணையைப் போலத் தந்திக்குக் கீழே பள்ளம் செய்து, குறுக்கே உடன் அதிரும் ஏழு தந்திகளும் போட்டு ஒரு கிட்டார் செய்வித்துக்கொண்டார். சும்மா செய்யவில்லை. அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் உட்கார்ந்து வீணை படித்துவிட்டுச் செய்தார். நம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ், இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி போட்ட மாண்டலினை ஐந்து ஒற்றைத் தந்தியோடு மின்சார வாத்தியமாக்கினார். பிரசன்னா என்ன செய்தார்? கடையில் கிடைக்கிற கிட்டாரை அப்படியே வைத்துக்கொண்டு கையை மாற்றினார். எந்த இடத்தில் தந்தியை இழுப்பது, எந்த இடத்தில் விரலை வழுக்கவிடுவது, எந்த இடத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் செய்வது என்று ஒவ்வொரு கமகத்துக்கும் விரல் கணக்குப் போட வேண்டும். இது ஸ்டுடியோ வாடகை கட்டிக்கொண்டு செய்கிற காரியம் இல்லை. சுகுமார் பிரசாத் போன்றவர்கள் சென்னையில் ஏற்கெனவே அந்தப் பாதையில் மின்சாரக் கிட்டாரோடு நடந்திருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, கை தயார். பிறகு என்ன? ஜாஸையும் ராகத்தையும் கலந்துவிட்டால் ஆயிற்றா? அதுதான் இல்லை. தம்பிகளே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். சுத்த தன்யாசி. ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். ஐந்து ஸ்வரம். கிட்டார் வகுப்புக்குப் போனால் முதல் மாதத்திலேயே ஒரு மைனர் பென்டடானிக் ஸ்கேல் சொல்லித் தருவார்கள். அதிலும் இதே ஐந்து ஸ்வரம்தான். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கும் நம் ஹெண்ட்ரிக்ஸும் வாழ்நாள் முழுதும் விளையாடிய மைதானம் அது. அப்படியானால் ப்ளூஸும் சுத்த தன்யாசியும் ஒன்றா? அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள்!

ப்ளூஸில் என்ன நடக்கிறது? கீழே கீபோர்டு ஒரு செவன்த் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை, பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கார்டுக்குள் அந்தர காந்தாரம் இருக்கிறது. மேலே கிட்டார் சாதாரண காந்தாரத்தைப் பிடிக்கிறது, அதையும் கொஞ்சம் மேலே இழுத்து, இதுவும் இல்லாமல் அதுவும் இல்லாமல் நடுவில் தொங்கவிடுகிறது. இரண்டு காந்தாரங்களும் உரசுகின்றன. அந்த உரசல்தான் ப்ளூஸின் ருசி. நம் வித்வான் காதுக்கு அது என்ன? அபஸ்வரம். ராகத்தில் இல்லாத ஸ்வரம் கீழே ஒலிக்கிறது. எழுந்து போய்விடுவார்.

ஃப்யூஷன் வாசிக்கிறவன் இந்த ஒரு காந்தாரத்தில் நின்று முடிவு எடுக்க வேண்டும். கார்டை அடியோடு எடுத்துவிட்டுத் தம்புராவை மட்டும் வைத்துக்கொள்வதா? அப்படிச் செய்தால் ராகம் பிழைக்கும், ஜாஸ் போய்விடும். கார்டு மாறுகிறபடி ஸ்வரத்தை மாற்றிக்கொண்டே போவதா? ஜாஸ் பிழைக்கும், ராகம் போய்விடும். இரண்டும் பிழைக்க வேண்டுமானால் இரண்டு வீட்டிலும் பிறந்து வளர்ந்தவன் போல இருக்க வேண்டும். எந்த உரசலை விடலாம், எந்த உரசலைத் தீர்க்க வேண்டும் என்று காது சொல்ல வேண்டும். புத்தகம் சொல்லாது. நம் ஊரில் ஃப்யூஷன் என்று விற்கிற சரக்கில் பெரும்பகுதி இந்த இடத்துக்கு வரவே வராது. ஒரு கீர்த்தனையை எடுத்து, கீழே ட்ரம்ஸை ஓட்டி, நடுவில் ஒரு கிட்டார் பிட் அடித்து முடித்துவிடுவார்கள். காந்தாரம் யாரையும் தூங்கவிடாமல் செய்ததில்லை. இதைச் சொல்லி எனக்குப் பகை வந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டேன்.

இனி ஸ்டுடியோவுக்குள் போகலாம். போகிற வழியில் மானாமதுரையில் இறங்குவோம். இங்கிருந்து எத்தனை தூரம்? பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வைகைக் கரை ஊர். அங்கே வேளார் குடும்பங்கள் கடம் செய்கிறார்கள். கண்மாய் மண்ணைப் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, உள்ளே ஒரு கையால் கல்லை அணைகொடுத்து வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டி, சுவர் எங்கும் ஒரே கனமாக வரும் வரை விடுவதில்லை. சூளையிலிருந்து எடுத்துச் சுண்டிப் பார்ப்பார்கள். நாதம் இருந்தால் கடம், இல்லாவிட்டால் பானை. சென்னைக் கடத்தைவிடக் கனம், கணீரென்று உலோகம் போன்ற ஓசை. 2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே வித்வான்கள் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஜாஸைப் பேச வந்தவன் பானையைப் பேசுகிறானே என்று பார்க்கிறீர்களா? 1975-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மேடை. மெக்லாஃப்லின். அதுவரை மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் காது கிழிகிற மின்சாரக் கிட்டார் வாசித்தவர், அதையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு அகூஸ்டிக் கிட்டாரோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் ஹுசேன், மிருதங்கத்தில் ஆர். ராகவன், கடத்தில் நம் விக்கு விநாயக்ராம். அந்தக் கச்சேரியின் பதிவுதான் 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டு. ஃப்யூஷன் என்று உலகம் இன்று சொல்கிற இசையின் அஸ்திவாரத்தில் ஒரு மண்பானையும் இருக்கிறது, ஐயா!

அந்தப் பானையைப் பதிவு செய்வது எப்படி? அங்கேதான் கிட்டார்காரனுக்குப் பரீட்சை. கிட்டாருக்குத் தந்தியை முறுக்கலாம், தளர்த்தலாம். கடத்துக்கு முறுக்காணி கிடையாது. சூளையில் வெந்தபோது என்ன சுருதி அமைந்ததோ ஏறக்குறைய அதுதான். அதனால் வித்வான்கள் சுருதிக்கு ஒரு கடமாகப் பல கடங்கள் வைத்திருப்பார்கள். அப்படியும் கீபோர்டின் கட்டைக்குச் சரியாக உட்காராமல் ஒரு நூல் மேலேயோ கீழேயோ நிற்கும். பானை இறங்கி வராது. பல லட்ச ரூபாய் மின்சாரக் கிட்டார்தான் இறங்கி வர வேண்டும். ஆறு தந்தியையும் பானைக்குச் சேர்க்க வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்த காட்சி.

அடுத்தது, யாரை எங்கே உட்கார வைப்பது? கடவித்வான் பானையின் வாயை வெறும் வயிற்றில் அணைத்து, விலக்கி, அணைத்து அந்தக் கும்மென்ற ஓசையை எழுப்புகிறார். அதைப் பிடிக்க மைக் மிக அருகில் இருக்க வேண்டும். அதே அறையில் கிட்டார் ஆம்ப் அலறினால் கடத்தின் மைக்கில் கிட்டார்தான் விழும். ஆகவே கடத்தைக் கண்ணாடி அறைக்குள் வைக்கிறார்கள். காதில் ஹெட்ஃபோன், ஹெட்ஃபோனில் டிக், டிக், டிக் என்று க்ளிக். அதற்கு வாசித்தால் பிறகு வெட்டலாம், ஒட்டலாம், எத்தனை டிராக் வேண்டுமானாலும் மேலே அடுக்கலாம். வசதி. ஆனால் மிஸ்ர சாபு தாளத்தில் ஒரு கோர்வை வருகிறது என்று வையுங்கள். மூன்று தடவை அடுக்கி, சரியான எடுப்பில் வந்து விழ வேண்டும். மேடையில் இது கண்ணால் நடக்கிறது. கிட்டார்காரர் தலையை லேசாகத் திருப்புகிறார், மிருதங்கம் புரிந்துகொள்கிறது, கடம் சிரிக்கிறது, மூன்றும் ஒரே இடத்தில் இறங்குகின்றன. முந்தின நாள் பதிவாகிப்போன கிட்டாரின் தலை திரும்புமா? அது இவருக்குப் பதில் சொல்லுமா?

எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பதிவதா, தனித்தனியாகப் பதிவதா என்பதைப் பொறியியல் விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது இசையின் விஷயம். 2011-இல் வெளிவந்த 'தீர்த்தா' ஆல்பத்தைக் கேளுங்கள். பிரசன்னாவின் கிட்டார், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயரின் பியானோ, நிதின் மித்தாவின் தபலா. மூன்றே பேர். ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். தனித்தனியாக அடுக்கிய ஆல்பத்தில் வேறு அழகு உண்டு, ஒரே ஆள் பத்துக் கிட்டாராக ஒலிக்கலாம். எனக்கு முதல் வகைதான் உசத்தி. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

பணத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: வராது. வாத்திய இசைத் தட்டை நம்பி யாரும் அண்ணாநகரில் வீடு கட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று, நம் மதுரைக் காதைப் பற்றி. மின்சாரக் கிட்டாரில் டிஸ்டார்ஷன் போட்டால் இரைச்சல் என்கிறோம். யோசித்துப் பாருங்கள். வீணையை மீட்டினால் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரில் ஸ்வரம் அடங்காது, நீண்டு நிற்கும், வளைந்து ஏறும், தெருக்கோடி வரை கேட்கும். நீண்டு நின்று, வளைந்து ஏறி, தெருக்கோடி வரை கேட்கும் வாத்தியம் நமக்குப் புதிதா? மாசி வீதியில் சாமி வரும்போது தவிலோடு வருகிற நாகஸ்வரம் என்ன, மெதுவாகவா ஒலிக்கிறது? பொன்னுசாமி – சேதுராமனைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு ஹெண்ட்ரிக்ஸ் அந்நியமாக இருக்க முடியாது. அமைதியாக உட்கார்ந்து தலையாட்டும் சபாக் காதைவிட, திருவிழாக் காதுதான் இந்த இசைக்கு நெருக்கம். சித்திரைத் திருவிழாவில் பத்து ஒலிபெருக்கிகளுக்கு நடுவே தன் ஊர் மேளத்தைப் பிரித்துக் கேட்கிற காது அது!

ஆகவே இந்த மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். தலைவர் அவர்கள் மேடையில் இருக்கும்போதே வைத்துவிடுகிறேன், பிறகு நழுவ முடியாது. நம் மெல்லிசைக் குழுக்களில் இருபது வருடம், முப்பது வருடம் பிறர் பாட்டுக்கு லீட் வாசித்த கிட்டார்காரர்கள் மதுரையைச் சுற்றி, மேலூரில், உசிலம்பட்டியில், திருமங்கலத்தில் இருக்கிறார்கள். வருடத்தில் ஒரு மாலையை அவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள். இரண்டே நிபந்தனை. சினிமாப் பாட்டு வாசிக்கக் கூடாது. பக்கத்தில் மானாமதுரைக் கடம் ஒன்று இருக்க வேண்டும். ஒலிப்பதிவுக்கு ஆள் நான் கொண்டுவருகிறேன். எல்லோரும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கட்டும். கண்ணாடிக் கூண்டு வேண்டாம். கடத்தின் மைக்கில் கொஞ்சம் கிட்டார் விழுந்தால் விழட்டும். வாசித்தவர்கள் பெயர் ஒன்று விடாமல் உறையில் வர வேண்டும், கடத்தை வனைந்தவர் பெயர் உட்பட. மார்கழியில் வைத்தால் வித்வான்கள் சென்னைக்குப் போய்விடுவார்கள், சித்திரையில் வைத்தால் எல்லாக் குழுவுக்கும் திருவிழா மேடை. ஆவணி மாதம் தோதாக இருக்கும். தேதியை இன்றைக்கே குறித்துவிடலாம்.